‘பசிக்கல’ என்கிற பிள்ளை

“ஏம்மா, இந்தத் திருநங்கைப் பசங்கல்லாம் ஒல்லியா ஆவணும்னு சாப்புடாமலே கெடந்து உடம்பக் கெடுத்துக்குதுங்களாமே, நெசமா?”

கேட்டவர் எங்கள் வாலாஜாபாத் கடைத்தெருவில் பள்ளிச் சீருடை தைக்கும் அக்கா. ஒரு கையில் டீ, மறு கையில் போன். போனில் ஒருவர் கேமராவைப் பார்த்து ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தார். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வந்த கேடு இங்கேயும் வந்துவிட்டது, எல்லாம் போனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் ஃபேஷன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதில் அக்காவுக்குப் பாதி புரியவில்லை. புரிந்த பாதி பயமாக இருந்தது.

அக்காவின் ஒரு கேள்விக்குள் இரண்டு விஷயங்கள் சிக்கிக் கிடந்தன. ஒன்று, சாப்பாட்டோடு மனசு போடும் சண்டை. மற்றொன்று, பிறந்தபோது ஊர் சொன்ன பாலினம் தனக்குப் பொருந்தவில்லை என்று உணர்ந்தபடி வளரும் பிள்ளைகளின், அதாவது திருநர் பிள்ளைகளின், வாழ்க்கை. நம் பத்திரிகையும் டிவியும் சினிமாவும் இரண்டையும் தனித்தனியாகத் தவறாகவே காட்டிவந்திருக்கின்றன. ஆகவே இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருக்கும்போது அந்தப் பிள்ளை யார் கண்ணிலும் படுவதில்லை. அக்காவுக்கு அவசரம் ஒன்றும் இல்லை. இன்னொரு டீ சொல்லிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

சாப்பாட்டை முதலில் எடுத்துக்கொண்டோம். ‘ஈட்டிங் டிஸார்டர்’ என்று டாக்டர்கள் சொல்வதை உணவுக் கோளாறு என்று வைத்துக்கொள்ளலாம். உடம்பு இளைக்க இளைக்க இன்னும் இளைக்க வேண்டும் என்று சாப்பாட்டை ஒதுக்கும் அனோரெக்சியா, கட்டுப்பாடில்லாமல் சாப்பிட்டுவிட்டு அதை எப்படியாவது வெளியேற்றத் துடிக்கும் புலிமியா, வெளியேற்றாமல் அளவு மீறிச் சாப்பிட்டுவிட்டு வெட்கத்தில் ஒளிந்துகொள்ளும் இன்னொரு வகை, இப்படிப் பல உண்டு. டயட் என்பது நினைத்தால் விட்டுவிடக்கூடியது. இதை விட முடியாது. மனநோய்களில் உயிரைப் பறிப்பதில் அனோரெக்சியா முன்வரிசையில் நிற்கிறது. சிலர் இதயம் தளர்ந்து போகிறார்கள், சிலர் தற்கொலை செய்துகொள்கிறார்கள்.

“சாப்புட மாட்டேன்னு அடம் புடிக்கிறதுதான? ரெண்டு போட்டா சரியாப் போயிடும்” என்றார் அக்கா. பெரும்பாலான வீடுகளில் இதைத்தான் சொல்வார்கள். அவருக்காக ஒரு பழைய ஆராய்ச்சியை எடுத்துச் சொன்னேன்.

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், ஐரோப்பாவில் பட்டினியால் வாடும் லட்சக்கணக்கானவர்களை எப்படிச் சாப்பிட வைத்துத் தேற்றுவது என்று தெரிந்துகொள்ள அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி ஒரு சோதனை நடத்தினார். 1944ல் தொடங்கிய அந்தச் சோதனைக்கு 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். எல்லோரும் போரில் ஆயுதம் ஏந்த மாட்டோம் என்று மறுத்தவர்கள், உடலும் மனமும் திடமானவர்கள் என்று சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 24 வாரம் அவர்களுக்கு அரை வயிற்றுச் சாப்பாடுதான். எடையில் கிட்டத்தட்ட கால் பங்கு போயிற்று. உடம்பு இளைத்ததை எல்லோரும் எதிர்பார்த்தார்கள். மனசுக்கு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்த இளைஞர்கள் சமையல் புத்தகங்களைச் சேகரித்துப் படித்தார்கள். கொடுத்த உணவைச் சின்னச் சின்னத் துண்டாக்கி மணிக்கணக்கில் தின்றார்கள். சிரிப்பு போயிற்று, நண்பர்களோடு பேச்சு போயிற்று, எரிச்சலும் துக்கமும் வந்து உட்கார்ந்துகொண்டன. மறுபடி வயிறாரச் சாப்பாடு கிடைத்த பிறகும் பலருக்கு மனம் தேற நெடுநாள் ஆயிற்று.

“அப்ப, பட்டினி கெடந்தா அந்தப் பட்டினியே மூளையப் புடிச்சிக்குமா?”

ஆமாம், அதுதான். எந்தக் காரணத்துக்காகப் பட்டினி தொடங்கினாலும், ஒரு கட்டத்துக்கு மேல் பட்டினியே தன்னைத் தொடர்ந்து நடத்திக்கொள்கிறது. அப்போது அந்தப் பிள்ளையிடம் காட்டும் கோபம் எல்லாம் நோயிடம் காட்டும் கோபம். அடித்தால் அடி பிள்ளை மேல்தான் விழும்.

இந்த நோய் யாருக்கு வரும் என்று நம் மனசில் ஒரு படம் பதிந்திருக்கிறது. நகரத்துப் பெண், வசதியான வீடு, மாடலிங் ஆசை, கண்ணாடி முன்னால் நின்று “குண்டாயிட்டேன்” என்று அழுகை. இந்தப் படத்தை அழுத்திப் பதித்தது ஊடகம்தான். 1983ல் அமெரிக்கப் பாடகி கேரன் கார்பென்டர் 32 வயதில் இறந்தபோது அனோரெக்சியா என்ற சொல் உலகப் பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்கு வந்தது. அந்தச் செய்தியால் பலர் டாக்டரிடம் போனார்கள், நல்லதுதான். கூடவே அந்த நோய்க்கு ஒரு முகமும் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது.

நம் பக்கத்து டாக்டர்கள் கண்டது வேறு. சென்னையில் மருத்துவ மாணவர்கள் 210 பேரிடம் விசாரித்து 1998ல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்குச் சாப்பாட்டோடும் உடல் எடையோடும் ஏதோ ஒரு விதத் தவிப்பு இருந்தது. முழு நோயாக முற்றாத தவிப்பு. வேலூர் சிஎம்சியில் குழந்தைகள் மனநலப் பிரிவுக்கு வந்த பிள்ளைகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2007ல் டாக்டர்கள் எழுதியது அதைவிடக் கவனிக்க வேண்டியது. அங்கே உணவுக் கோளாறோடு வந்த பிள்ளைகளிடம் அதிகம் தெரிந்தது உடம்பில் எந்தக் காரணமும் கண்டுபிடிக்க முடியாத வாந்தி. மேற்கத்தியப் பாடப் புத்தகம் சொல்லும் குண்டாகிவிடுவோமோ என்ற பயம் நம் பிள்ளைகளில் பலர் வாயில் வருவதே இல்லை. நம் பிள்ளைகள் “பசிக்கல” என்பார்கள். “வயிறு எரியுது”, “கேஸ் ட்ரபிள்”, “குமட்டுது” என்பார்கள். “வெள்ளிக்கிழம வெரதம்” என்றால் வீட்டில் மெச்சக்கூடச் செய்வார்கள். இந்தச் சொற்கள் எல்லாம் நம் வீட்டில் தினமும் புழங்குவதால் அவற்றுக்குப் பின்னால் ஒரு நோய் இருக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

2025 மார்ச்சில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் 18 வயதுப் பெண் ஒருத்தி மாதக்கணக்கில் சாப்பாட்டைத் தவிர்த்து இறந்துபோனாள். அனோரெக்சியாவாக இருக்கலாம் என்றார்கள் டாக்டர்கள். செய்திகளில் ‘யூடியூப் டயட்’ என்றுதான் தலைப்பு. அவள் பெயர், படம், கடைசியில் இருந்த எடை எத்தனை கிலோ என்பது வரை வந்தது. இந்த நோயைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு உலகெங்கும் சொல்லித்தரப்படும் முதல் விதியே எடையின் எண்ணைப் போடாதீர்கள் என்பதுதான். நலமாக இருப்பவருக்கு அந்த எண் ஒரு தகவல். அதே நோயில் இருக்கும் இன்னொரு பிள்ளைக்கு அது தாண்டிக் காட்ட வேண்டிய இலக்கு.

ஊடகம் இந்த விஷயத்தில் எவ்வளவு தூரம் உள்ளே போகும் என்பதற்கு ஃபிஜித் தீவில் ஓர் அத்தாட்சி இருக்கிறது. பருமனான உடம்பை நல்ல உடம்பு என்று கொண்டாடிய ஊர் அது. நாத்ரோகா என்ற பகுதிக்கு 1995ல்தான் டிவி வந்தது. அன் பெக்கர் என்ற அமெரிக்க டாக்டர் டிவி வந்த புதிதிலும், மூன்று ஆண்டு கழித்து 1998லும் அங்குள்ள பள்ளி மாணவிகளிடம் விசாரித்தார். முதல் முறை எடையைக் குறைப்பதற்காகச் சாப்பிட்டதை வெளியேற்றும் பழக்கம் ஒருத்தியிடமும் இல்லை. இரண்டாம் முறை நூற்றுக்குப் பதினொரு பேர் செய்ததாகச் சொன்னார்கள். எந்த நிகழ்ச்சியும் அவர்களிடம் பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. எந்த மாதிரி உடம்புக்கு மரியாதை கிடைக்கிறது என்பதை மட்டும் தினமும் காட்டியது.

இதே அளவுகோலைத் திருநர் பிள்ளைகளுக்கு வைத்துப் பார்த்தால் என்ன கிடைக்கிறது? எந்த மாதிரி உடம்புக்கு மரியாதை என்று நாம் அவர்களுக்குக் காட்டியிருக்கிறோம்?

வருஷம் ஒருமுறை சித்திரைப் பௌர்ணமிக்கு உளுந்தூர்பேட்டை பக்கம் கூவாகத்தில் திருநங்கைகள் கூடும் திருவிழா. பத்திரிகைகளில் பக்கம் பக்கமாகப் படம் வரும். பட்டுப்புடவை, நகை, தலை நிறையப் பூ, அழகிப் போட்டியின் கிரீடம். மறுநாள் தாலியறுத்து அழும் படம். அதோடு அடுத்த சித்திரைக்குத்தான் மறுபடி. சினிமாவில் 2000ல் வந்த ‘அப்பு’வில் திருநங்கையைக் கொடூர வில்லியாகக் காட்டினார்கள். பல ஆண்டுகளாகக் காமெடிக் காட்சிகளில் சிரிப்பதற்கு ஒரு நடையும் ஒரு கைத்தட்டும் போதுமாயிருந்தது. 2015ல் ‘ஐ’ வந்தபோது அதில் வரும் பாத்திரத்தை எதிர்த்துத் திருநங்கைகள் சென்னையில் போராடினார்கள். 2011ல் ‘காஞ்சனா’வில் சரத்குமார் திருநங்கையாக நடித்தது பலருக்கு ஒரு மரியாதையான முகத்தைக் காட்டியது. 2019ல் வந்த ‘சூப்பர் டீலக்ஸ்’ படத்தில் திருநங்கை ஷில்பாவாக நடித்ததற்காக விஜய் சேதுபதிக்குத் தேசிய விருது கிடைத்தது. அந்தப் பாத்திரத்தை எழுதிய விதம் பற்றித் திருநங்கைகள் சொன்ன குறைகள் அந்த விருதுச் செய்தியோடு சேர்ந்து போய்ச் சேரவில்லை.

இந்த எல்லாப் படங்களிலும் பார்க்கிறவர் கண் போவது உடம்புக்குத்தான். இடுப்பு எப்படி, தோள் எப்படி, குரல் எப்படி, நிஜப் பெண் மாதிரி இருக்கிறாரா இல்லையா. அழகாக இருந்தால் “அட, பொண்ணுங்களே தோத்தாங்க” என்ற பாராட்டு. இல்லாவிட்டால் சிரிப்பு. எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ உட்கார்ந்துகொண்டு, தன்னைப் பற்றி யாரிடமும் சொல்ல முடியாமல், இந்தப் படங்களைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு ஒரு விஷயம் திட்டவட்டமாகப் புரிந்துவிடும். உடம்பு தேறினால்தான் நீ மனுஷி.

இன்னொன்றும் உண்டு. இந்தப் படங்களில் பிள்ளைகளே கிடையாது. எல்லோரும் வீட்டைவிட்டு வெளியே வந்துவிட்ட பெரியவர்கள். லிவிங் ஸ்மைல் வித்யா ‘நான் வித்யா’ எழுதிய பிறகும், ஏ. ரேவதி ‘உணர்வும் உருவமும்’ நூலில் பலர் வாழ்க்கையைத் தொகுத்துத் தந்த பிறகும்தான், வீட்டுக்குள் இருந்த காலம் என்று ஒன்று உண்டு என்பது தமிழ் வாசகருக்கு விரிவாகத் தெரியவந்தது. திருநம்பிகள், அதாவது பெண் என்று வளர்க்கப்பட்டுத் தங்களை ஆணாக உணர்கிறவர்கள், ஊடகத்தில் அநேகமாக இல்லவே இல்லை. கூவாகத்தில் அவர்களுக்குக் கிரீடம் இல்லை, காமெடியில் அவர்களுக்கு நடை இல்லை. போனில் பேசிய அந்த ஆளும் திருநங்கைகளைப் பற்றித்தான் பேசினார்.

“செரி, அவுரு சொன்னது பொய்யா?” என்று அக்கா விடாமல் கேட்டார்.

அவர் சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது. அமெரிக்காவில் 223 கல்லூரிகளில் 2,89,024 மாணவர்களிடம் திரட்டிய விவரங்களை வைத்து 2015ல் ஓர் ஆய்வு வந்தது. முந்தைய ஒரு வருஷத்தில் உணவுக் கோளாறு இருப்பதாக டாக்டர் சொன்னாரா என்ற கேள்விக்கு, திருநர் மாணவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 16 பேர் ஆமாம் என்றார்கள். மற்றப் பெண்களில், ஆண்களை விரும்புகிறவர்களிடையே அது 2 சதவீதத்துக்கும் கீழே. திருநர் மாணவர்கள் 479 பேர்தான், அதுவும் அவர்களே சொன்ன பதில்கள். அந்தக் கணக்கை அப்படியே தூக்கிவந்து வாலாஜாபாத்தில் வைக்கக் கூடாது. காரணங்களை மட்டும் இங்கே கொண்டுவந்து பார்க்கலாம், அவை பொருந்துகின்றன.

வயசுக்கு வருவது என்பது எந்தப் பிள்ளைக்கும் கொஞ்சம் கலக்கம்தான். திருநர் பிள்ளைக்கு அது தன் விருப்பத்துக்கு எதிராகத் தன் உடம்பிலேயே நடக்கும் மாற்றம். தன்னைப் பையனாக உணரும் பிள்ளைக்கு மார்பு வளர்கிறது, தீட்டு வருகிறது, ஊரைக் கூட்டி மஞ்சள் நீராட்டுகிறார்கள். தன்னைப் பெண்ணாக உணரும் பிள்ளைக்குக் குரல் உடைகிறது, தோள் விரிகிறது, மீசை அரும்புகிறது. யாரிடமும் சொல்ல முடியாது. கையில் இருப்பது ஒன்றே ஒன்று, சாப்பிடுவதா வேண்டாமா என்ற முடிவு. உடம்பு பட்டினியில் இருக்கும்போது தன் வளர்ச்சியைத் தள்ளிப்போடும், மாதவிலக்கை நிறுத்திவிடும். உயிர் பிழைக்க உடம்பு செய்யும் கடைசிச் சிக்கனம் அது. அதே வயதில்தான் எலும்பும் இறுகிச் சேர வேண்டும். சேராமல் போனதைப் பிறகு முழுசாகச் சேர்க்க முடியாது.

இங்கே ஒரு கொடுமையான முரண் இருக்கிறது. ஒரு பெண்பிள்ளைக்கு மாதவிலக்கு நின்றால் அம்மா பதறுவார், டாக்டரும் அதைத்தான் முதலில் கேட்பார். தன்னைப் பையனாக உணரும் பிள்ளைக்கோ அது நின்றது முதல் நிம்மதி. ஆகவே அந்தப் பிள்ளை வாயைத் திறக்காது. நோயைக் காட்டிக்கொடுக்க வேண்டிய அறிகுறியை நோயாளியே பொத்திப் பாதுகாக்கும்.

உடம்பைப் பற்றிய கலக்கத்தோடு இது முடிவதும் இல்லை. பள்ளியில் எந்தக் கழிவறைக்குப் போவது என்று தெரியாமல் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளைகள் உண்டு. தண்ணீர் குடிக்காதபோது சாப்பாடும் இறங்காது. வீட்டில் அப்பாவின் பேச்சு எந்த நேரம் எந்தப் பக்கம் திரும்புமோ என்று பயந்து, எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும் நேரத்தில் “நான் அப்பவே சாப்டுட்டேன்” என்று நழுவும் பிள்ளைகள் உண்டு. எங்கள் ஊரில் இது இன்னும் எளிது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகும் அம்மாக்கள் விடியுமுன் பஸ் ஏறுகிறார்கள். டிபன் பாக்ஸ் கட்டி வைத்தது தெரியும், திறந்தார்களா என்பது தெரியாது. அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை சத்துணவு உண்டு, யாரோ ஒரு ஆயாவின் கண்ணில் தட்டு படும். பதினொன்றாம் வகுப்பில் அந்தக் கண்ணும் இல்லை.

டீ ஆறிப்போயிருந்தது. அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அளவு நோட்டை எடுத்துப் பிரித்தார்.

“உத்திரமேரூர் பக்கத்துல இருந்து ஒரு பொண்ணு வரும். போன ஜூன்ல எடுத்த அளவு இது. இப்ப எடுத்தது இது. பிளஸ் டூ போற புள்ள, அளவு ஏறணும். இறங்கியிருக்குது. மேல நல்லா லூசா, புடிக்காம தச்சிக் குடுங்கன்னு ரகசியமா சொல்லிச்சி. அதுக்குத்தான் உன்னக் கேட்டேன். அது அந்த மாதிரிப் புள்ளையா?”

தெரியாது அக்கா, என்றேன். மேலே லூசாகக் கேட்பதற்கு நூறு காரணம் இருக்கலாம். பஸ்ஸில் எவனாவது தொந்தரவு கொடுத்திருக்கலாம். வெயிலாக இருக்கலாம். அந்தப் பிள்ளை திருநம்பியா இல்லையா என்று நாம் இருவரும் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது, முடிவு செய்ய வேண்டிய தேவையும் இல்லை. உங்கள் நோட்டில் இருப்பது ஒன்றுதான்: வளர வேண்டிய பிள்ளை இளைத்திருக்கிறது. அது போதும்.

ஊடகங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன என்பதுதான் எனக்கு ஆற்றாமை. பிள்ளை யார், ஆணா பெண்ணா, இது இயற்கையா ஃபேஷனா, பட்டினியால் இந்தக் குழப்பம் வந்ததா, குழப்பத்தால் பட்டினி வந்ததா என்று வாரக்கணக்கில் விவாதம். இங்கிலாந்தில் ஹிலாரி காஸ் என்ற குழந்தைநல டாக்டர் 2024 ஏப்ரலில் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு இந்தச் சண்டை உச்சத்துக்குப் போயிற்று. பாலின மருத்துவமனைக்கு வரும் பிள்ளைகள் பலரிடம் மனச்சோர்வு, உணவுக் கோளாறு போன்றவையும் சேர்ந்திருப்பதாகவும், பிள்ளையை முழுசாகப் பார்த்துச் சிகிச்சை கொடுக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. ஒரு தரப்பு அதை எடுத்துக்கொண்டு “பாருங்கள், இது மனநோய்தான்” என்றது. உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில், திருநராக இருப்பதை மனநோய்ப் பகுதியிலிருந்தே எடுத்துவிட்டது என்பதை அந்தத் தரப்பு சொல்வதில்லை. எந்தச் சிகிச்சையை எந்த வயதில் தொடங்கலாம் என்ற விவாதம் டாக்டர்களுக்குள் நடக்கட்டும், நடக்க வேண்டியதுதான். அது முடியும் வரை ஒரு பிள்ளையின் எலும்பும் இதயமும் காத்திருக்காது.

இந்தியாவிலும் பேச்சைத் தொடங்கும் முன்பே நிறுத்திய சம்பவம் உண்டு. பள்ளிகளில் திருநர் பிள்ளைகளை எப்படி நடத்துவது என்று ஆசிரியர்களுக்காக என்சிஇஆர்டி 2021ல் ஒரு கையேடு வெளியிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே இணையதளத்திலிருந்து எடுக்கப்பட்டது. வாத்தியார்களுக்கு வழி சொல்ல வந்த புத்தகம் செய்தியானது, அதில் பேசப்பட்ட பிள்ளைகள் செய்தியாகவில்லை. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அப்படி எடுத்ததைப் பற்றி வருத்தத்தோடு எழுதினார்.

அந்த நீதிபதியைப் பற்றி அக்காவுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் விரும்பி, வீட்டைவிட்டு வெளியேறிச் சென்னைக்கு வந்து, பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த வழக்கு அவரிடம் வந்தது. இந்த விஷயம் தனக்குச் சரியாகப் புரியவில்லை என்று திறந்த மனதோடு சொல்லி, ஒரு உளவியலாளரிடம் தானே போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, 2021 ஜூன் 7 அன்று தீர்ப்பு சொன்னார். இப்படி விரும்புகிறவர்களையும் திருநரையும் ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்று செய்யும் வைத்தியத்துக்குத் தடை, போலீஸ் தொந்தரவுக்குத் தடை என்று அந்த வழக்கிலிருந்து பல உத்தரவுகள் வந்தன. பத்திரிகைகள் இவர்களை எந்தச் சொல்லால் குறிக்க வேண்டும் என்ற பட்டியலைத் தமிழக அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழில் வெளியிட்டதும் அதன் தொடர்ச்சிதான். இழிசொற்கள் இன்று அச்சில் குறைந்திருக்கின்றன. என்ன எழுதுவது, எதை எழுதாமல் விடுவது என்பதுதான் இன்னும் பாக்கி. வீட்டைவிட்டு ஓடிவந்த 16 வயதுப் பிள்ளையின் படத்தையும் ஊரையும் போட்டுவிட்டு மரியாதையான சொல்லால் குறிப்பிட்டால் என்ன பயன்? பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு ஏற்கெனவே சொல்கிறது.

“செரிம்மா, அந்த மாதிரிப் புள்ளயே இருந்து, டாக்டருகிட்டயும் போச்சின்னு வை. குணமாயிடுமா?”

ஆகும், பலருக்கு ஆகிறது. ஆனால் டாக்டரும் ஓர் இடத்தில் வழுக்கி விழலாம். உணவுக் கோளாறுக்கான சிகிச்சையில் ‘உன் உடம்பை நீ நேசி, அது அழகாகத்தான் இருக்கிறது, உன் கண்தான் தப்பாகக் காட்டுகிறது’ என்று சொல்லித் தேற்றுவது பழைய வழக்கம். பல பிள்ளைகளுக்கு அது மருந்து. திருநர் பிள்ளையிடம் அதைச் சொன்னால், கதவிடுக்கில் விரல் மாட்டி அலறுகிறவரிடம் விரலை நேசி என்பதைப் போல ஆகிவிடும். அந்தப் பிள்ளைக்குக் கண் தப்பாகக் காட்டவில்லை. உடம்பு போகும் திசைதான் அதற்குத் தாங்க முடியவில்லை. அதைக் கேட்காமல் எடையை மட்டும் ஏற்றி அனுப்பினால், ஏறிய ஒவ்வொரு கிலோவும் அதற்கு வெறுப்பான வளைவாகவே தெரியும், திரும்பவும் விழும். தங்கள் பாலினத்தை மற்றவர்கள் ஏற்றுக்கொண்ட பிறகு, வேண்டிய மருத்துவம் கிடைத்த பிறகு, வயதுவந்த திருநர் பலருக்கு உணவுத் தவிப்பு குறைந்ததாக ஆய்வுகள் சொல்கின்றன. இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்கும் டாக்டர் வேண்டும்.

வீட்டில் செய்யக் கூடாதது ஒன்றும் இருக்கிறது. மாதக்கணக்கில் பட்டினி கிடந்த உடம்பில் பாசத்தோடு ஒரே நாளில் பிரியாணியைத் திணித்தால் ரத்தத்தில் பாஸ்பரஸ் போன்ற உப்புகள் சட்டென்று இறங்கி இதயம் நின்றுவிடக்கூடும். உலகப் போர் முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் சிலர் இப்படித்தான் சாப்பிட ஆரம்பித்த பிறகு இறந்துபோனார்கள். எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, மே மாத வெயிலிலும் கை சில்லென்று இருக்கிறது, முடி கொட்டுகிறது, முகத்திலும் கையிலும் பூனைமுடி வளர்கிறது, நாடி மெதுவாக அடிக்கிறது என்றால் அது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நிலை.

அக்கா நோட்டை மூடவில்லை. “அவங்கம்மா பணம் குடுக்க வருவாங்க. இன்னா சொல்றது நான்?”

அளவு குறைந்ததை மட்டும் சொல்லுங்க அக்கா. “போன வருஷத்தவிட எளச்சிருக்குதும்மா, சரியா சாப்புடுதான்னு பாருங்க, ஒரு தடவ ரத்தம் டெஸ்ட் எடுத்துடுங்க” என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேலே லூசாகக் கேட்டதைச் சொல்லாதீர்கள். அதற்கு எந்த அர்த்தம் இருந்தாலும் அதைச் சொல்ல வேண்டிய ஆள் அந்தப் பிள்ளைதான், எப்போது யாரிடம் என்று தீர்மானிப்பதும் அதுதான். நாம் அவசரப்பட்டு ஊகித்துச் சொன்னால், அந்த வீட்டில் அன்று ராத்திரி என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாது. கேட்டபடியே தைத்துக் கொடுங்கள்.

அம்மா மேற்கொண்டு கேட்டால் 14416 என்ற எண்ணைக் கொடுங்கள். டெலி மானஸ், அரசாங்கத்தின் இலவச மனநல உதவி, தமிழிலேயே பேசலாம். நேரில் போக வேண்டுமென்றால் காஞ்சிபுரம் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது, இல்லையென்றால் ரயிலேறிச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். பாலினம் பற்றிய பேச்சு அந்தப் பிள்ளை வாயிலிருந்தே வந்தால், சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் அதற்கென்றே ஆலோசனைப் பிரிவு இருக்கிறது. எங்கே போனாலும் டாக்டரிடம் அம்மா ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: எடையும் நாடியும் பார்த்து முடித்த பிறகு, தன்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பிள்ளையிடம் கொஞ்ச நேரம் தனியாகப் பேசச் சொல்ல வேண்டும்.